சேர் கழட்டின கிரீடம்

சேர் மோசம்போன செய்தி வட்ஸ்அப் குரூப்பில வரேக்க இஞ்ச ரொறன்ரோவில விடியப்புறம் நாலு மணி, வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நிண்டனான், ஒரு காலில சப்பாத்தோட அப்பிடியே படியில இருந்திட்டன். சேரின்ர நினைவு மலருக்கு ஏதும் எழுதித் தாங்கோ எண்டு கேட்டவுடன எனக்கு 1984 பரிசளிப்பு விழாவுக்குப் பழகின சலீம் அனார்கலி நாடகம்தான் மனசில வந்தது.

முதல்ல சலீம் நான்தான், உங்களுக்குத் தெரியும். விழாவுக்கு எட்டு நாள் இருக்கேக்க, மேல் ஹோலில அக்பருக்கு முன்னால நிண்டு அரியணை வேண்டாம் அனார்கலிதான் வேணும் எண்டு நான் கத்தி அழ, சேர் கையைத் தட்டி நிப்பாட்டிப்போட்டு மேடைக்கு ஏறி வந்தவர். என்ர தலையில இருந்த மட்டைக் கிரீடத்தைக் கழட்டி காவல்காரனா நிண்டவனுக்கு வச்சு, அவன்ர ஈட்டியை வாங்கி என்ர கையில தந்தார். "நீர் சும்மா அழுகிறீர். சலீம் அந்த அரியணையையும் விட ஏலாம நிக்கிறவன், அது உம்மட்ட இல்லை." முழு வகுப்பும் பாத்துக்கொண்டு இருந்தது. அண்டைக்கு வீட்டை போய் நான் சாப்பிடேல்லை.

அடுத்த நாள் வாசிகசாலைக்குக் கூப்பிட்டவர். சலீம் காதலுக்காக முடியை விட்டவன் இல்லை எண்டு தொடங்கினார். 1600 இல அலகாபாத்தில தகப்பனுக்கு எதிரா எழும்பினது அரியணைக்கு, 1602 இல அக்பரின்ர உயிர்ச் சிநேகிதன் அபுல் ஃபஸலைக் கொல்லுவிச்சது, 1605 இல தகப்பன் செத்தாப்போல ஜஹாங்கீர் எண்டு பேர் வச்சு முடிசூடினது, தன்ர வாழ்க்கையை தானே எழுதின புத்தகத்தில அனார்கலியின்ர பேரே இல்லை எண்டது எல்லாம் சொன்னார். அந்தக் கதையை நாடகமா எழுதினது லாகூர்க்காரர் இம்தியாஸ் அலி தாஜ், அது 1922.

"ஆனா லாகூரில ஒரு சமாதி இருக்கு" எண்டார். எட்டு மூலைக் கட்டடம், வெள்ளைக்காரன் அதைத் தேவாலயமாக்கி பிறகு அரசாங்கப் பத்திரங்கள் வைக்கிற இடமாக்கினவன். உள்ளுக்கு இருக்கிற வெள்ளைக் கல்லுப்பெட்டியில 1599, 1615 எண்டு வாற ரெண்டு ஹிஜ்ரி ஆண்டும் ஒரு பாரசீக ஈரடியும் வெட்டிக் கிடக்காம், என்ர ஆளின்ர முகத்தை இன்னொருக்காப் பாக்கக் கிடைச்சா உலகம் முடியிற நாள் மட்டும் கடவுளுக்கு நன்றி சொல்லுவன் எண்டு. கீழ பேர், மஜ்னூன் சலீம் அக்பர், எண்டா காதலில பித்தான, அக்பரின்ர மகன் சலீம். "அரசனாகிப் பத்து வருஷம், ஆனா அந்தக் கல்லில ஜஹாங்கீர் இல்லை, பாரும். அது அவன்ர மனிசி சாஹிப் ஜமாலின்ர சமாதி எண்டும் சொல்லுவினம், ஆராயிருந்தாலும் போட்ட பேரைப் பாரும்." சேர் இதைச் சொல்லிப்போட்டுக் கொஞ்ச நேரம் கதைக்கேல்லை. விழாவண்டு நாடகம் முழுக்க அக்பருக்குப் பின்னால ஈட்டியோட நிண்டனான், அந்தப் புதுச் சலீம் நல்லாத்தான் நடிச்சவன், நான் அதை அவனுக்கு இண்டைவரைக்கும் சொல்லேல்லை, இப்ப சொல்லுறன்.

இஞ்ச வந்த நாள் தொட்டு படிவங்களில அப்பாவின்ர பேர்தான் கடைசிப் பேர், வேலையிடத்தில எல்லாரும் அப்பாவின்ர பேரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுறாங்கள். அதைக் கேக்கேக்கை எல்லாம் அந்தக் கல்லு ஞாபகம் வரும். நான் மூத்தவன், எனக்குப் பின்னால மூண்டு தங்கச்சிமார், அவையள் மூண்டுபேரும் இப்ப நல்லா இருக்கினம், அதுக்காகத்தான் வந்தது, அதில எனக்குக் கவலை இல்லை. சந்தியில பஸ்சுக்கு நிக்கிறவவை உங்களில சிலபேருக்கு ஞாபகம் இருக்கும். அவவுக்கும் நான் சொல்லேல்லை.

1986 இல அப்பா காணியை ஈடு வச்சு வெளிநாட்டுக்கு அனுப்பிற ஏஜென்சிக்குக் காசு கட்டினவர், ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது எண்டு அம்மா சத்தியம் வாங்கினவ. வெள்ளிக்கிழமை பின்னேரம் சந்திக் கடையில நிக்கேக்க சேர் சைக்கிளில வந்தவர், என்னைக் கண்டிட்டுக் காலை ஊண்டி நிண்டார். ஏஎல் சோதினைக்கு உமக்கு ரெண்டு சரித்திரப் புத்தகம் எடுத்து வச்சிருக்கிறன், திங்கள் வந்து வாங்கும் எண்டார்.

ஓம் சேர் எண்டனான். ஞாயிறு இரவு கொழும்பு பஸ்.