என் மார்புக்குள் இருந்தது எந்த இம்ப்ளாண்ட்?

2013-இல் புற்றுநோய்க்காக என் இடது மார்பகத்தை எடுத்தார்கள். அதே அறுவை சிகிச்சையிலேயே அந்த இடத்தில் சிலிகான் இம்ப்ளாண்ட், அதாவது செயற்கை மார்பகம், வைத்துவிடலாம் என்று சர்ஜன் சொன்னதும் சரி என்றேன். எந்த நிறுவனம், என்ன வகை என்று கேட்கத் தோன்றவில்லை. உயிரோடு எழுந்தால் போதும் என்றிருந்த நேரம் அது.

2019 ஜூலையில் அந்தச் செய்தியைப் படித்தேன். அல்லர்கன் நிறுவனத்தின் பயோசெல் இம்ப்ளாண்ட்களை, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கேட்டுக்கொண்டதன் பேரில், உலகம் முழுவதும் திரும்பப் பெறுகிறார்கள். மேற்புறம் சொரசொரப்பாக இருக்கும் வகை அது. இம்ப்ளாண்டைச் சுற்றி அரிதாக உருவாகும் லிம்போமா என்ற ஒரு புற்றுநோய்தான் காரணம். இது மார்பகப் புற்றுநோய் அல்ல, நோய் எதிர்ப்பு அணுக்களில் வருவது. அதுவரை உலகளவில் பதிவான 573 பேரில் 481 பேருக்கு இருந்தது அல்லர்கன் இம்ப்ளாண்ட்.

எனக்குள் இருப்பது எது? டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்தேன். "சிலிகான் இம்ப்ளாண்ட் பொருத்தப்பட்டது" என்று ஒரே வரி. இம்ப்ளாண்டோடு ஸ்டிக்கர்கள் வரும். ஒன்றை நோயாளியின் ஃபைலில் ஒட்டி, இன்னொன்றை ஒரு கார்டில் ஒட்டி நம் கையில் தர வேண்டும். அந்தக் கார்டு என்னிடம் வரவே இல்லை. மருத்துவமனையில் கேட்டால், பழைய ஃபைல்கள் வேறு இடத்தில் இருக்கின்றன, இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்றார்கள். மூன்று முறை அலைந்த பிறகு, வாயால் கேட்பதை விட்டுவிட்டு, அறுவை சிகிச்சைக் குறிப்பின் நகல் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். தேதியிட்டுக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். நான்கு மாதம் கழித்து நகல் வந்தது. மங்கலான ஸ்டிக்கரில் நிறுவனத்தின் பெயர், மாடல், சீரியல் எண். வேறொரு நிறுவனம்தான். ஆனால் அதுவும் சொரசொரப்பு வகை.

அந்த நான்கு மாதமும் இதன் வரலாற்றைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். 1962-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் கிரோனின், ஜெரோ என்ற இரு டாக்டர்கள் முதல் சிலிகான் இம்ப்ளாண்டை ஒரு பெண்ணுக்குப் பொருத்தினார்கள். அந்தப் பெண் வந்ததே மார்பில் குத்தியிருந்த பச்சையை அழிக்கத்தான். 1976-இல் மருத்துவக் கருவிகளுக்கு அங்கே சட்டம் வந்தபோது, ஏற்கெனவே விற்பனையில் இருந்தவை என்பதால் இம்ப்ளாண்ட்கள் பாதுகாப்பு ஆதாரம் காட்டாமலே தொடர்ந்தன. 1982-இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜன்களின் சங்கம், சிறிய மார்பகத்தை ஒரு குறைபாடு, ஒரு நோய் என்றே அரசுக்கு எழுதியது! அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

1992-இல் அங்கே சிலிகான் இம்ப்ளாண்ட்களுக்குத் தடை வந்தது. புற்றுநோயில் மார்பகத்தை இழந்தவர்களுக்கு ஆய்வுகளின் வழியாகக் கிடைத்தது, அழகுக்காகக் கேட்டவர்களுக்குப் பெரும்பாலும் கதவை மூடினார்கள். சலுகை பெற்ற பக்கத்தில் இருப்பவள்தான் நான். ஆனாலும் இந்தப் பிரிவினையை என்னால் ஏற்க முடியவில்லை. உள்ளே போவது என்ன என்று தெரிந்துகொள்ளும் உரிமை இருவருக்கும் ஒன்றுதானே? வழக்குகள் குவிந்து 1995-இல் இம்ப்ளாண்ட் தயாரித்த டவ் கார்னிங் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. 1999-இல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் என்ற அமெரிக்க ஆலோசனை அமைப்பின் அறிக்கை, உடல் முழுவதையும் பாதிக்கும் நோய்களுக்குச் சிலிகான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றது. கிழிதல், இறுகிப்போதல், மறுபடி அறுவை சிகிச்சை, இவையே முக்கியப் பிரச்சினை என்றும் அதே அறிக்கை சொன்னது. முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு, வலி என்று வந்த பெண்களைக் கற்பனை என்று அனுப்பியவர்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. 2010-இல் பிரான்சில் பிஐபி நிறுவனம் மருத்துவத்துக்கு அனுமதிக்கப்படாத சிலிகானை நிரப்பி விற்றது பிடிபட்டதைப் படித்த பிறகு, ஸ்டிக்கரும் முழு நிம்மதி தராது என்று புரிந்தது.

அறிகுறி இல்லாதவர்கள் எடுக்க வேண்டியதில்லை என்பதே அப்போதைய பரிந்துரை. நானும் விட்டுவிட்டேன்.

2021-இல் ஒரே வாரத்தில் இடது பக்கம் வீங்கியது. வலி இல்லை. ஸ்கேனில் இம்ப்ளாண்டைச் சுற்றி நீர். ஊசியால் எடுத்து அனுப்பும்போது, அந்த லிம்போமாவைக் கண்டுபிடிக்க உதவும் சிடி30 சோதனையும் வேண்டும் என்று கேட்க வாயெடுத்தேன், டாக்டர் ஏற்கெனவே எழுதியிருந்தார். கண் கலங்கிவிட்டது. ஒன்பது நாள் கழித்து முடிவு வந்தது. லிம்போமா இல்லை.

கண்காணித்தாலே போதும் என்றார். நான் எடுத்துவிடச் சொன்னேன். வழுவழுப்பான வகைக்கு மாற்றலாம், வயிற்றுத் திசுவை வைத்துச் செய்யலாம், தட்டையாகவே விடலாம் என்று மூன்று வழி சொன்னார். அந்த அக்டோபரில் அமெரிக்காவில் கட்டாயமாக்கிய, நோயாளியும் டாக்டரும் கையெழுத்திடும் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு போயிருந்தேன். பொறுமையாக என்னோடு வரிவரியாகப் படித்தார். தட்டையாக விடுங்கள் என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

சுற்றிலும் உடம்பு கட்டிய தழும்பு உறையையும் சேர்த்து எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். டிரெயின் குழாயோடு பத்து நாள் சரியாகத் தூங்க முடியவில்லை, அப்புறம் பழகியது. வெளியே எடுத்த இம்ப்ளாண்டைப் படமெடுத்துத் தரச் சொல்லியிருந்தேன். அதன் பின்பக்கத்தில் இருந்த எண்ணையும் ஸ்டிக்கர் நகலில் இருந்த எண்ணையும் கட்டிலில் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு இலக்கமாக ஒத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுதான்.