குறுஞ்செய்தி வழி இருபடிச் சரிபார்ப்பு: எண்ணைக் கொடுத்த பிறகு செய்ய வேண்டியவை

கடவுச்சொல் ஒன்றை மட்டுமே நம்பி இணையக் கணக்குகளை வைத்திருப்பவர்களிடம் நான் வலியுறுத்திச் சொல்வது, கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பை இன்றைக்கே இயக்கிவிடுங்கள் என்பதுதான். ஒரே ஒரு முறை பயன்படும் அந்தக் குறியீடு (ஓடிபி) குறுஞ்செய்தியாக வரும் முறை வலிமை குறைந்தது என்று கேள்விப்பட்டு, அதையும் செய்யாமல் இருந்துவிடுகிறவர்கள் உண்டு. வலிமை குறைந்தது என்பது உண்மையே. ஆனாலும், கணக்கை மீட்பதற்காகக் கொடுத்து வைத்த கைப்பேசி எண்ணுக்கு அனுப்பப்படும் குறுஞ்செய்திக் குறியீடு, தானியங்கி நிரல்களின் தாக்குதல்களை முழுமையாகவும், போலிச் செய்திகளாலும் பக்கங்களாலும் பலரை ஒருசேர ஏமாற்ற முயலும் ஃபிஷிங் தாக்குதல்களில் 96 விழுக்காட்டையும், குறிப்பிட்ட ஒருவரைக் குறிவைக்கும் தாக்குதல்களில் 76 விழுக்காட்டையும் தடுக்க உதவியதாக 2019-இல் கூகுள் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. அந்த 76 விழுக்காட்டையும் வேண்டாம் என்று ஒதுக்குவதற்கு எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

முதலில் மின்னஞ்சல் கணக்கிலிருந்து தொடங்குங்கள்; மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றுவதற்கான இணைப்புகள் பெரும்பாலும் அங்கேதான் வந்து சேர்கின்றன. அமைப்புகளில் பாதுகாப்புப் பகுதிக்குச் சென்று, இருபடிச் சரிபார்ப்பைத் தேர்ந்தெடுத்து, கைப்பேசி எண்ணை நாட்டுக் குறியீட்டுடன் கொடுத்து, வந்து சேரும் இலக்கங்களை உள்ளிட்டால் வேலை முடிந்துவிடும்.

பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள் என்பதுதான் என் கவலை. கைப்பேசி தொலைந்தாலோ, எண் செயலிழந்தாலோ, கணக்கின் உண்மையான உரிமையாளரே வெளியில் நிற்க நேரிடும். அதற்காகவே பல சேவைகள், ஓடிபிக்குப் பதிலாக உள்ளிடக்கூடிய மாற்றுக் குறியீடுகளை முன்கூட்டியே தருகின்றன. கூகுள் ஒரு தொகுப்பில் பத்துக் குறியீடுகளைத் தருகிறது, ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறைதான் பயன்படுத்த முடியும். அவற்றைத் திரைப்பிடிப்பாக அதே கைப்பேசியில் வைத்திருப்பதால் பயனில்லை. தாளில் எழுதி, முக்கிய ஆவணங்கள் இருக்கும் இடத்தில் வைப்பதே நல்லது.

அடுத்து சிம். ஓடிபி உங்கள் கைப்பேசிக் கருவியைத் தேடி வருவதில்லை. உங்கள் எண் எந்தச் சிம்மில் இயங்குகிறதோ அங்கே செல்கிறது. ஆகவே, சேவை நிறுவனத்தை ஏமாற்றி உங்கள் எண்ணுக்கு வேறொரு சிம்மைப் பெற்றுவிடும் ஒருவருக்கு உங்கள் குறியீடுகள் அனைத்தும் போய்ச் சேரும். 2019 ஆகஸ்டில் ட்விட்டரின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி ஜாக் டோர்சியின் கணக்கிலிருந்தே அந்நியர்கள் பதிவிட முடிந்ததற்கு, அவருடைய கைப்பேசி எண் பிறர் கைக்குப் போனதே காரணம். திடீரென்று சிக்னல் முற்றிலும் மறைந்து, நெடுநேரம் திரும்பாவிட்டால், அதைச் சாதாரணக் கோளாறு என்று விட்டுவிடாமல், வேறொரு தொலைபேசியிலிருந்து உடனே சேவை நிறுவனத்தை அழைத்து விசாரியுங்கள். கைப்பேசி திருடு போனால் சிம்மைக் கழற்றி வேறு கருவியில் போட்டு ஓடிபி பெறுவதைத் தடுக்க, சிம்முக்கென்று தனியாக உள்ள பின் எண்ணையும் இயக்கி வைக்கலாம். மூன்று முறை தவறாக உள்ளிட்டால் சிம் பூட்டிக்கொள்ளும், பிறகு அதைத் திறக்கச் சேவை நிறுவனம் தரும் பியூகே என்ற திறப்பு எண் தேவைப்படும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். பூட்டிய திரையில் குறுஞ்செய்தியின் உள்ளடக்கம் தெரியாதபடி மறைப்பதும் அவசியம், ஏனெனில் திரையிலேயே குறியீடு தெரியுமானால் மற்றப் பூட்டுகளுக்குப் பொருளில்லை.

போலிப் பக்கத்தில் நாமே ஓடிபியை உள்ளிட்டால், அது காலாவதியாவதற்குள் மோசடிக்காரர் அதை உண்மையான தளத்தில் பயன்படுத்திவிடுவார். யார் தொலைபேசியில் கேட்டாலும், எவ்வளவு அவசரம் காட்டினாலும், குறியீட்டைச் சொல்லாதீர்கள்.

இதற்கெல்லாம் பழகிய பிறகு ஆதென்டிகேட்டர் செயலிக்கு மாறுவதையே நான் பரிந்துரைப்பேன். குறியீடு கைப்பேசிக்குள்ளேயே, வழக்கமாக 30 நொடிகளுக்கு ஒரு முறை உருவாவதால், சிம்மை மாற்றிப் பறிக்கும் வழி அதற்குப் பொருந்தாது. சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். ஆனால் செயலியைச் சேர்த்த பின்னும் குறுஞ்செய்தி முறை மாற்று வழியாக இயங்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், உள்நுழைபவர் ‘வேறு வழியில் முயல்க’ என்பதைத் தொட்டுப் பழைய எண்ணுக்கே குறியீட்டை வரவழைத்துக்கொள்ள முடியும். செயலி சரியாக இயங்குவதையும் மாற்றுக் குறியீடுகள் கையில் இருப்பதையும் உறுதிசெய்துகொண்டு, அந்த எண்ணை இருபடிச் சரிபார்ப்பிலிருந்து நீக்கிவிடுங்கள்.