ஒரு ‘ச்’ அதிகம்

‘முயற்சி’ என்று எழுதும்போது ‘ற்’ என்ற எழுத்துக்குப் பின்னால் இன்னொரு மெய்யெழுத்து வராது. பள்ளியில் சொல்லிக்கொடுத்த விதி. ஆனால் வாய் ‘முயற்ச்சி’ என்றுதான் அழுத்திச் சொல்கிறது. கையும் பலருக்கு அப்படியே போய்விடுகிறது. அந்த ஒரு ‘ச்’சை வைத்து நான் ஒரு மனிதரை மாட்டிவிட்டேன். அதுவும் தவறான மனிதரை. இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்து ஒன்றரை வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தேன்.

நான் பதினான்கு வருடமாக மென்பொருள் எழுதுகிறவள். 2024இல் நான் வேலை பார்த்த இடத்தில் எங்கள் குழுவுக்கு ஒரு வேலை வந்தது. ஊழியர்களின் கணினியில் உட்கார்ந்துகொண்டு, நிமிடத்துக்கு எத்தனை விசை தட்டுகிறார்கள், மவுஸ் எவ்வளவு நகர்கிறது என்று கணக்கெடுத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் படம் பிடித்து, நாள் முடிவில் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் மென்பொருள். சோதனைக்காக முதலில் எங்கள் கணினிகளிலேயே ஓடவிட்டார்கள்.

எங்கள் குழுவில் ஒருவர் உண்டு. ஒரு வரி எழுதுவதற்கு முன்னால் பழைய நிரலை அரை மணி நேரம் படிப்பார், தாளில் அம்புக்குறி போட்டுப் பார்ப்பார். அவர் எழுதிய பகுதியில் பிழை வந்து நான் பார்த்தது அபூர்வம். அவருக்கு 41 மதிப்பெண். அவர் யோசித்த நேரமெல்லாம் திரையில் சிவப்புக் கட்டங்களாக நின்றது. அந்தச் சிவப்புக் கட்டங்களை வரைந்த நிரல் நான் எழுதியது.

வேலையில் இருந்துகொண்டு சொந்தப் பெயரில் இதைப் பேச முடியாது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒப்பந்தம் அப்படி. அதனால் தேன்சிட்டு என்ற பெயரில் இணையத்தில் எழுத ஆரம்பித்தேன். நிறுவனத்தின் பெயரோ மென்பொருளின் பெயரோ எங்கும் வராது. இப்படிப்பட்ட கருவி எதை அளக்கிறது, எதை அளக்கவே முடியாது என்பதை மட்டும் எழுதினேன்.

பெயர் மறைத்து எழுதினாலே மொட்டைக் கடிதம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மொட்டைக் கடிதம் எழுதியவரிடம் திரும்பக் கேள்வி கேட்க முடியாது. புனைபெயரிடம் கேட்கலாம். போன மாதம் இப்படிச் சொன்னாயே, இன்றைக்கு ஏன் மாற்றிப் பேசுகிறாய் என்று பிடித்து உலுக்கலாம். உள்ளே இருந்து பார்த்தவர்கள் பேச வேண்டுமானால் பல நேரங்களில் அந்த ஒரு திரை வேண்டியிருக்கிறது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

என்னை எதிர்த்து எழுதியவர்களில் விடாமல் வந்தவர் நடுநிலையன். அவருடையதும் புனைபெயர்தான். சம்பளம் கொடுப்பவர் வேலையைக் கவனிப்பதில் என்ன தப்பு என்று தொடங்கினார். வேலையைக் கவனிப்பது வேறு, விரலைக் கவனிப்பது வேறு என்று பதில் சொன்னேன். இப்படியே வாரக்கணக்கில் போனது. அப்புறம் ஒரு நாள் அவர் இதைக் கேட்டார்: ‘விமானி அறையில் பேசுவதெல்லாம் பதிவாகிறது. அந்த விமானத்தில் நீங்கள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு போகிறீர்கள். விமானியைக் கண்காணித்தால் பாதுகாப்பு, உங்களைக் கண்காணித்தால் மட்டும் கொடுமையா?’

என்னிடம் பதில் இல்லை. இரண்டு நாள் ஒன்றும் எழுதவில்லை. மூன்றாவது நாள் பதிலைத் தேடுவதை விட்டுவிட்டு ஆளைத் தேட ஆரம்பித்தேன்.

அப்போது அதற்கு நான் சொல்லிக்கொண்ட நியாயம் வேறு. அதே வாரத்தில் இரண்டு புதிய பெயர்கள் வந்து நடுநிலையன் சொன்னதையே சொல்லின. ஒரே ஆள் மூன்று முகமூடியில் வருகிறார் என்று எனக்குத் தோன்றியது. அந்த நேரத்தில் எக்ஸ்இசட் விவகாரம் எங்கள் துறையில் எல்லோர் மனதிலும் இருந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எக்ஸ்இசட் என்பது லினக்ஸ் கணினிகளில் கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் சின்ன மென்பொருள். அதைப் பல வருடமாக ஒருவர் சம்பளமில்லாமல் பராமரித்து வந்தார். 2022இல் அதுவரை யாரும் பார்த்திராத பெயர்கள் வந்து, ஏன் இவ்வளவு தாமதம், பொறுப்பை வேறு ஒருவரிடம் கொடு என்று அவரை நெருக்கின. மனநலம் சரியில்லை என்று அவர் சொன்ன பிறகும் விடவில்லை. கடைசியில் ஜியா டான் என்ற பெயரில் உதவிக்கு வந்தவரிடம் பொறுப்பு போனது. அந்தப் பெயர்தான் 2024இல் வெளியான 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திருட்டு வாசலை வைத்தது. உள்நுழைவது வழக்கத்தைவிட அரை நொடி அதிகமாகிறதே என்று ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் துருவிப் பார்த்ததால் மார்ச் 29 அன்று உலகத்துக்குத் தெரிந்தது. நெருக்கிய பெயர்கள் எல்லாம் அந்தச் சதியின் பகுதி என்றே பெரும்பாலானோர் நம்புகிறார்கள். ஜியா டான் யார் என்று இன்றுவரை வெளியே தெரியாது.

ஆகவே மூன்று பெயர்கள் ஒரே குரலில் பேசினால் சந்தேகப்படுவது தப்பில்லை. நான் செய்த தப்பு அதற்கு அடுத்தது.

ஒரு விரிதாளைத் திறந்து மூன்று பேர் எழுதியதையும் வரி வரியாகப் போட்டேன். மூவருமே ‘முயற்ச்சி’ என்று எழுதியிருந்தார்கள். மூவருமே வாக்கியத்தை இழுத்து முடிக்கும்போது மூன்று புள்ளிக்குப் பதிலாக இரண்டு புள்ளி வைத்தார்கள். ‘இருப்பினும்’ என்று தொடங்கும் வாக்கியங்கள் அதிகம். இரவு ஒரு மணிக்கு அந்தக் கட்டங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருந்தி வந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை என்னால் மறக்க முடியவில்லை. காலையில் படம் எடுத்து, அடிக்கோடிட்டு வெளியிட்டேன். இந்த மூவரும் ஒருவரே, இதோ கைரேகை என்று எழுதினேன். ஆள் யார் என்று நான் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. வழியைக் காட்டிவிட்டேனே, மற்றவர்கள் அதே வழியில் போனார்கள்.

அன்று மாலைக்குள் என் பக்கத்தில் நின்று பேசுகிறவர்களில் ஒருவர் ஒரு பெயரைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். சொந்தப் பெயரில் மென்பொருள் சோதனை பற்றி அவ்வப்போது எழுதும் ஒருவர். அவர் எழுத்தில் ‘முயற்ச்சி’ இருந்தது, இரண்டு புள்ளி இருந்தது, ‘இருப்பினும்’ இருந்தது. அவர் எங்கே வேலை பார்க்கிறார் என்பதும் அவரே எழுதி வைத்திருந்தார். அந்த அலுவலகத்துக்குக் கடிதங்கள் போயின. ஒன்றல்ல, பல. ‘உங்கள் ஊழியர் அலுவலக நேரத்தில் போலிப் பெயர்களில் பெண்களைத் துன்புறுத்துகிறார்’ என்று ஒன்றில் இருந்ததாம். அப்படி எதையும் நடுநிலையன் செய்யவில்லை. என்னோடு கடுமையாக வாதிட்டார், அவ்வளவுதான்.

நான்காவது நாள் அந்தச் சோதனையாளரிடமிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. முழுவதையும் இங்கே தர அவர் அனுமதி இல்லை. ஒரு பகுதியை எழுதிக்கொள்ளச் சம்மதித்தார்:

‘வணக்கம். நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் சொல்லும் அந்த விவாதத்தை நான் படித்ததுகூட இல்லை. சிறு வயதிலிருந்தே அந்தச் சொல்லை இப்படித்தான் எழுதுகிறேன், யாரும் திருத்தவில்லை. அதற்காக 3 நாட்களாக மேலாளர் முன்னால் உட்கார்ந்து விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்..’

கடைசியில் இரண்டு புள்ளி. அதைப் பார்த்தபோது வயிற்றில் ஏதோ இறங்கியது.

அதற்குப் பிறகுதான் முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். ‘முயற்ச்சி’ என்று தேடிப் பார்த்தேன். பக்கம் பக்கமாக வந்தது. மருத்துவக் குறிப்பில், வாழ்த்துக் கவிதையில், செய்தித் தலைப்பில், தேர்வுக்கான வினா விடையில். இரண்டு புள்ளி வைப்பவர்களும் அப்படியே, எண்ணி மாளாது. பிறகு இன்னொன்றையும் பார்த்தேன். நடுநிலையன் எங்குமே ‘ஆனால்’ என்று எழுதவில்லை, எப்போதும் ‘ஆனா’தான். இவரோ எழுதிய எல்லாவற்றிலும் ‘ஆனால்’. நடுநிலையன் எண்களை எழுத்தில் எழுதுவார், இவர் எண்ணாகவே எழுதுவார். பொருந்துகிறவற்றுக்கு மட்டும் விரிதாளில் கட்டம் போட்டிருந்தோம். பொருந்தாதவற்றுக்குக் கட்டமே இல்லை. யோசிக்கிற நேரத்துக்கு மதிப்பெண் இல்லாத அந்த மென்பொருளைப்போல.

எழுத்து நடையை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது கட்டுக்கதை அல்ல. 1787, 1788இல் அமெரிக்க அரசியல் சாசனத்தை ஆதரித்து ‘பப்ளியஸ்’ என்ற ஒரே புனைபெயரில் 85 கட்டுரைகள் வந்தன. எழுதியவர்கள் மூன்று பேர். அவற்றில் 12 கட்டுரைகளை எழுதியது ஹாமில்டனா மேடிசனா என்று நீண்ட காலம் தகராறு. மோஸ்டெல்லர், வாலஸ் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் யாரும் கவனிக்காத சின்னச் சின்ன இணைப்புச் சொற்களை எண்ணி, 12ம் மேடிசன் எழுதியவை என்று 1964இல் முடிவு சொன்னார்கள். ‘அப்பான்’ (upon) என்ற ஒரு ஆங்கிலச் சொல்லை ஹாமில்டன் ஆயிரம் சொல்லுக்கு மூன்று முறை பயன்படுத்துகிறார், மேடிசன் அரிதாகத்தான். இதை முன்பே எங்கோ படித்திருந்தேன். அதனால்தான் எனக்கு அவ்வளவு தைரியம். ஆனால் அவர்கள் முன்னால் இருந்தது இரண்டே பேர், எந்த இருவர் என்பதும் முன்கூட்டியே தெரியும். என் முன்னால் இருந்தது தமிழில் தட்டச்சு செய்யும் எல்லோரும். 2012இல் ஆய்வாளர்கள் ஒரு லட்சம் வலைப்பூக்களை வைத்து இதைச் செய்து பார்த்தபோது, கணினி சொன்ன முதல் பெயர் சரியாக இருந்தது சுமார் 20 சதவீதம்தான். இந்தத் துறையில் அது பெரிய சாதனை. ஆனால் அந்த முதல் பெயரை நம்பி ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டினால், ஐந்தில் நான்கு முறை தவறான வீடு.

2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகும் இதுதான் நடந்தது. படங்களை ஒட்டி வைத்துப் பார்த்து, காணாமல் போயிருந்த ஒரு மாணவரைக் குற்றவாளி என்று ஊர் பேர் தெரியாதவர்கள் சேர்ந்து முடிவு கட்டினார்கள். மகனைத் தேடிக்கொண்டிருந்த குடும்பத்தின் மேல் வசவு கொட்டியது. அவருக்கும் குண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சில நாள் கழித்து அவருடைய உடல்தான் கிடைத்தது. அந்தத் தேடல் நடந்த ரெட்டிட் என்ற இணையதளம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. இதையும் நான் முன்பே படித்திருந்தேன். படித்ததெல்லாம் சமயத்துக்கு உதவவில்லை.

இதை நண்பர்களிடம் சொன்னால், எல்லோரும் உண்மைப் பெயரில் எழுத வேண்டும் என்று சட்டம் போட்டுவிடலாமே என்கிறார்கள். தென் கொரியா 2007இல் பெரிய தளங்களுக்கு அதைச் செய்து பார்த்தது. 2011இல் ஒரு நிறுவனத்திடமிருந்து மூன்றரைக் கோடிப் பேரின் விவரங்கள் திருடுபோயின. 2012இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. சரி, அதை விடுங்கள். அவருடைய அலுவலகத்துக்கு எழுதியவர்களில் இரண்டு பேர் சொந்தப் பெயரில்தான் எழுதியிருந்தார்கள்.

தேன்சிட்டு பெயரிலேயே மறுப்பு எழுதினேன். முதல் பதிவைப் படித்தவர்களில் பாதிப் பேர்கூட அதைப் படித்திருக்க மாட்டார்கள். போதாது என்று தெரிந்தது. அவருடைய மேலாளருக்கு என் உண்மைப் பெயரில், தொலைபேசி எண்ணோடு கடிதம் எழுதினேன். பெயரில்லாத ஒருவர் தரும் நற்சான்றுக்கு என்ன மதிப்பு இருக்கப் போகிறது? என் விரிதாளையும் இணைத்து, இதில் எங்கே தவறு என்று வரிசையாகக் குறித்தேன். ‘பெற்றுக்கொண்டோம்’ என்று ஒரு வரி பதில் வந்தது. விசாரணை கைவிடப்பட்டது என்று அந்தச் சோதனையாளர்தான் பிறகு சொன்னார். நான் அந்த வேலையை அதற்கு இரண்டு மாதம் கழித்து விட்டேன்.

நடுநிலையனுக்குப் பதிலும் கிடைத்தது. விமானி அறையின் ஒலிப்பதிவு பழைய கருவிகளில் கடைசி 30 நிமிடம்தான் நிற்கும், பிறகு வந்தவற்றில் 2 மணி நேரம், இப்போது புதிய பெரிய விமானங்களில் 25 மணி நேரம். அதற்கு முந்தையது அழிந்துகொண்டே வரும். விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பதுதான், யார் மேலும் பழி போடுவதல்ல என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் 13ஆம் இணைப்பே சொல்கிறது. அந்தப் பதிவைக் கேட்டு அன்றாடம் விமானிக்கு நூற்றுக்கு 41 என்று யாரும் போடுவதில்லை. இதைத் தேடிப் படிக்க எனக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. எழுதி வைத்தேன். நடுநிலையன் அதற்குள் போய்விட்டார். மற்ற இரண்டு பெயர்களும் அப்புறம் வரவே இல்லை. அவர்கள் ஒருவரா மூவரா என்று தேடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

அந்தச் சோதனையாளரும் நானும் எப்போதாவது மின்னஞ்சல் எழுதிக்கொள்கிறோம். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. போன மாதம் அவருக்கு ஒரு சின்னப் பதவி உயர்வு. வாழ்த்து அனுப்பினேன். நன்றி சொல்லி எழுதியிருந்தார். ‘எல்லாம் குழுவின்’ என்று தொடங்கிய வாக்கியத்தில் எனக்குத் தெரிந்த அந்தச் சொல் வர வேண்டிய இடத்தில் ‘உழைப்பு’ என்று இருந்தது. கேட்காமலே அடுத்த வரியில் சொல்லியிருந்தார்: ‘இப்போதெல்லாம் அந்தச் சொல்லை எழுதுவதில்லை. சரியாக எழுதத் தெரியும். இருந்தாலும் கை நின்றுவிடுகிறது.’

அந்த வரியின் கடைசியில் ஒரே ஒரு புள்ளி இருந்தது.