அம்மாவின் தொய்வும் அடுப்புப் புகையும்

பெப்ரவரி 8

முரசுமோட்டையில் காலபோக அரிவுவெட்டு. மெசின் இறங்கின வயலெல்லாம் தூசி; பொழுதுபட்டால் வைக்கோல் எரிக்கிற புகை. அம்மாவுக்குத் தொய்வு, ஆஸ்துமா என்கிறதுதான். நேற்று விடியப்புறம் முட்டு இழுத்து, படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே இருந்தா. நீலப் பம் (வாயில் வைத்து மூச்சோடு இழுக்கிற மருந்து) அடித்துத்தான் தணிந்தது. பிறவுண் பம்மை மார்கழியோடு நிறுத்திவிட்டாவாம். "சுகமாத்தானே பிள்ளை இருந்தது. நெடுக அடிச்சால் உடம்பு அதுக்குப் பழகிப்போடும்." இந்தப் பயம் எங்கள் ஊரில் எத்தனை வீடுகளில் இருக்கிறது!

பெப்ரவரி 11

கிளிநொச்சிக்குக் கிளினிக் போனோம். நீலம் சல்பியூட்டமோல்; இறுகின மூச்சுக்குழலைச் சில நிமிடத்தில் விரிக்கும், சில மணித்தியாலத்தில் அதன் வேலை முடிந்துவிடும். பிறவுண் பெக்லோமெதசோன், குழலுக்குள் இருக்கிற வீக்கத்தைக் குறைப்பது அதுதான். நாளாந்தம் எடுத்தால் கிழமைக்கணக்கில் பலன் தெரியும். டொக்டர் பொறுமையாகச் சொன்னார்: "அம்மா, சுகமாய் இருக்கிறதே அந்தப் பம்மாலதான். நிப்பாட்டாதேங்கோ." பம்மில் ஸ்பேசர் என்ற குழாயைப் பொருத்தி அடிக்கவும், அடித்தபின் வாய் கொப்பளிக்கவும் பழக்கிவிட்டார். கொப்பளிக்காவிட்டால் வாயில் வெண்படலமாகப் பூஞ்சணம் பிடிக்குமாம்.

பெப்ரவரி 13

வேலியோரத்து ஆடாதோடையை விடச்சொல்லி நான் அம்மாவைக் கேட்கப்போவதில்லை. அந்த இலையில் வாசிசின் என்ற பொருள் இருக்கிறது. சளியை இளக்க இன்று கொடுக்கிற புறோம்ஹெக்சின் மருந்து அதைப் பின்பற்றி உருவானதுதான். ஆகவே சளி கட்டின நேரம் குடிநீர் அவித்துக் குடிக்கட்டும், டொக்டரும் மறுக்கவில்லை. தூதுவளைச் சம்பலும் நல்ல சாப்பாடுதான். ஆனால் குழலின் வீக்கத்துக்கு இவை பிறவுண் பம்மின் இடத்தை நிரப்பாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை இருமலுக்கு ஆடாதோடை கேட்டு வந்தாள். வயிற்றில் பிள்ளை இருக்கிறபடியால் கொடுக்கவில்லை, அது கருப்பையைச் சுருக்கக்கூடியது.

வேது (ஆவி) பிடிப்பதை மட்டும் விடச்சொன்னேன். கொதிதண்ணீர் கவிழ்ந்தால் பெரிய ஆபத்து, யூக்கலிப்டஸ் மணமே சிலருக்கு இழுப்பைக் கிளப்பும்.

மார்ச் 9

இன்று முழுக்கக் குசினி வேலை. 2022இல் காஸ் தட்டுப்பாடு வந்தபோது விறகுக்குத் திரும்பின நாங்கள் பிறகு மாறவேயில்லை. காலை, மத்தியானம், இரவு மூன்று நேரமும் அம்மா அந்தப் புகைக்குள் குனிந்து ஊதிக்கொண்டு நிற்கிறா. வெளியில் வைக்கோல் எரிப்பது சில கிழமைதான்; வீட்டுக்குள் எரிப்பது வருசம் முழுக்க. எந்த இலையைத் தேடுவதற்கும் முதல் பார்க்கவேண்டியது இதைத்தான் என்று எனக்குப் படுகிறது. மேசன் அண்ணை வந்து புகைக்கூட்டை உயர்த்திக் கட்டினார், எதிர்ச்சுவரில் யன்னல் வெட்டினார். விறகை மழை படாத கொட்டிலுக்கு மாற்றினோம். ஈரவிறகுதான் கூடப் புகையும். தேத்தண்ணி வைக்க மட்டுமாவது மின்கேத்தல்.

நுளம்புத்திரியையும் நிறுத்தினேன். ஒரு திரி எரிந்தால் வருகிற நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் வரைக்குச் சமம் என்று 2003இல் வெளிவந்த ஆய்வொன்று கணக்கிட்டது. பெட்டியில் கிடந்த நுளம்பு வலையைத் தோய்த்துக் கட்டிவிட்டேன். தலையணை உறை, படுக்கைத் துணி கிழமைக்கொரு தரம் சுடுதண்ணீரில் தோய்த்து நல்ல வெயிலில் காயவேண்டும்.

மார்ச் 14

சாம்பிராணிக்குத்தான் சண்டை. "வெள்ளிக்கிழமை காட்டாமல் விடுறதோ?" கடைசியில் சாமியறையில் எண்ணெய் விளக்கு, சாம்பிராணி முற்றத்தில், அதுவும் நான் காட்டுவது என்று முடிந்தது.

ஏப்ரல் 20

அம்மா இப்போது இரவில் எழும்புவது குறைவு. பின்னேரம் வாய்க்கால் கரையால் நடக்கிறா, மூச்சை மெல்ல விடப் பழகுகிறா. மூச்சுப்பயிற்சி பதற்றத்தைக் குறைக்கும், நாளாந்த வாழ்வை இலகுவாக்கும். மருந்தைக் குறைக்க அதைக் காரணமாக்கக் கூடாது.

இன்று கலண்டருக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன்: ஒரு வசனம் முழுதாகப் பேச முடியாவிட்டால், உதடு நீலம்பாரித்தால், நீலப் பம் அடித்தும் தணியாவிட்டால் உடனே 1990க்கு அழைக்கவேண்டும். அம்புலன்ஸ் இலவசம். வரும்வரை நிமிர்ந்து இருத்தி, ஸ்பேசரில் நீலப் பம் தொடர்ந்து கொடுக்கவேண்டும். தம்பியின் மகனுக்கும் வாசித்துக் காட்டினேன், பகலில் அம்மாவோடு நிற்பது அவன்தான்.