பொட்டு பெண்ணுக்கு மட்டும்தான்

ஜூன் மாதப் பறவைக் குறிப்பைப் புரட்டினால் எனக்கே சிரிப்பு வருகிறது. "கறுப்புப் பட்டை ஈப்பிடிப்பான் 1, செங்கல் நிறப் பட்டை ஈப்பிடிப்பான் 1." ஒரே மரம், ஒரே நிமிடம். இரண்டு தனி இனம் என்று முடிவு கட்டி, இரண்டுக்கும் வரிசை எண் வேறு போட்டிருக்கிறேன்.

இடம் ஜிம்பாப்வேயின் ஹராரே நகருக்குள்ளேயே இருக்கும் முக்குவிசி காடு. ஞாயிறு காலையில் வேறு வேலை இல்லாததால் போக ஆரம்பித்தேன். வரிக்குதிரையைப் பார்க்கத்தான் எல்லோரும் வருவார்கள். எனக்குப் பிடித்தது மசாசா மரங்கள். கிளைகள் குடை மாதிரி விரிந்திருக்கும், நடுவே வெளிச்சம் தாராளமாக விழும். ஊர் கடல்மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இங்கே குளிர்காலமான ஜூன் காலையில் பைனாகுலரைப் பிடித்த விரல் விறைத்துவிடும்.

அந்த இரண்டும் சின்ஸ்பாட் பேடிஸ் என்ற ஒரே பறவையின் ஆணும் பெண்ணும் என்று தெரிய மூன்று ஞாயிறு ஆயிற்று. உருண்டையான உடம்பு, குட்டை வால், பெரிய தலை. நீளம் இரண்டு கட்டைவிரல் அளவுதான். இரண்டுக்கும் தலையும் முதுகும் சாம்பல், கண்ணை ஒட்டிக் கறுப்பு முகமூடி, இறக்கையில் வெள்ளைக் கோடு, கண் பளிச்சென்ற மஞ்சள். ஆணின் மார்பில் கறுப்புப் பட்டை, தொண்டை சுத்த வெள்ளை. பெண்ணின் மார்புப் பட்டை செங்கல் நிறம், அதே நிறத்தில் தொண்டையில் ஒரு பொட்டு. ஆங்கிலப் பெயரே அந்தப் பொட்டை வைத்துத்தான். ஆணிடம் அது கிடையாது. பெயரை நம்பிப் பொட்டைத் தேடியவனுக்குப் பாதிப் பறவைகள் கணக்கில் வராமல் போனதில் ஆச்சரியமில்லை.

ஜூலையில் காதால் தேட ஆரம்பித்தேன். வேலை பாதியாகக் குறைந்தது. மூன்று சீட்டி ஒலி, ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கீழே: க, ரி, ச என்று யாரோ அவசரமில்லாமல் இறங்குவதுபோல. சுருதி அவ்வளவு சுத்தம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒருமுறை பிடிபட்டால் மறக்காது. பறவை நெருங்கி வந்தால் கிர்ர் என்று ஒரு அதட்டல் கேட்கும். பறக்கும்போது சில சமயம் இறக்கையிலிருந்து 'ஃப்ர்ப்' என்று ஒரு சத்தம், துணியை உதறுவது மாதிரி. முதலில் பக்கத்துப் புதரில் பெரிய வெட்டுக்கிளி என்று நினைத்தேன்.

குளிர்காலத்தில் அது தனியாகவும் வருவதில்லை. அரை மணி நேரம் காடு காலியாக இருக்கும். திடீரென்று கருஞ்சிட்டு, வெள்ளைக்கண்ணி, இரட்டைவால் குருவி என்று ஒரு கூட்டமே தலைக்கு மேல் கடந்துபோகும், அதற்குள் பேடிஸ் ஜோடியும் இருக்கும். கூட்டத்தைத் தவறவிட்டால் அன்றைய கணக்கு பூஜ்யம்தான்.

அக்டோபரில் அடுத்த குழப்பம். ஐரோப்பாவிலிருந்து புள்ளி ஈப்பிடிப்பான்கள் வந்து சேர்ந்தன. பழுப்பு நிறம், மார்பில் கோடுகள் என்பதால் தோற்றத்தில் சிக்கல் இல்லை. வேட்டையைப் பக்கத்துப் பக்கத்தில் பார்த்ததில்தான் ஒரு விஷயம் விளங்கியது. புள்ளி ஈப்பிடிப்பான் மொட்டைக் கிளையில் நிமிர்ந்து உட்கார்ந்து, பறக்கும் பூச்சியை நடுவானில் பிடித்துவிட்டு, பெரும்பாலும் அதே கிளைக்கே திரும்பும். பேடிஸ் அப்படியில்லை. இலைகளுக்கு நடுவே அசையாமல் உட்கார்ந்து தலையை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்க்கும். சட்டென்று எழும்பி, இலையடியில் ஒரு கணம் சிறகடித்து நின்று, ஒட்டியிருப்பதைக் கொத்திக்கொண்டு வேறு கிளைக்குப் போய்விடும். ஒருநாள் பெண் பறவை பச்சைப்புழு ஒன்றைக் கிளையில் இடமும் வலமுமாக அடித்து அடித்துத் துவள வைத்து விழுங்கியதை நான்கு மீட்டர் தூரத்தில் பார்த்தேன். இரையை இப்படி அடித்துத் தின்னும் கீச்சான் பறவை ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்து படித்தால், இது உண்மையான ஈப்பிடிப்பான் குடும்பமே இல்லையாம். பேடிஸ்களுக்குத் தனிக் குடும்பம்; புதர்க்கீச்சான்கள்தான் நெருங்கிய சொந்தம். என் நோட்டில் இருந்த 'ஈப்பிடிப்பான்' என்ற சொல்லையும் அடித்தேன்.

கூடு கண்ணில் பட்டது அதே மாதக் கடைசியில், முழுக்கத் தற்செயலாக. ஆண் ஒரு பூச்சியோடு அடிக்கடி ஒரே கிளைக்குப் போனது. அங்கே மரப்பாசி படிந்த ஒரு முண்டு மட்டும்தான் தெரிந்தது. பைனாகுலரில் பத்து நிமிடம் பார்த்த பிறகு அந்த முண்டு கண் சிமிட்டியது! மரநாரைச் சிலந்தி நூலால் கட்டி, வெளியே அதே மரத்தின் பாசியை ஒட்டவைத்த ஒரு சின்னக் கிண்ணம். அதற்கு மேல் பெண், பொட்டு வரை வெளியே தெரிகிற மாதிரி உட்கார்ந்திருந்தது. அடைகாப்பது பெண், ஊட்டுவது ஆண். நான் பார்த்த நாற்பது நிமிடத்தில் ஆறு தடவை கொண்டுவந்து கொடுத்தது.

கிளாஸ் குயில் பேடிஸ் கூட்டில் முட்டையிடும் என்பதால், பளபளக்கும் பச்சை முதுகு பக்கத்தில் எங்காவது தெரிகிறதா என்று பார்த்தேன். தெரியவில்லை. கூட்டுக்கு அருகே போய்ப் படம் எடுக்கவும் இல்லை. நாம் நிற்கும் இடத்தை வைத்தே கூட்டைக் கண்டுபிடிக்கிற பறவைகள் இந்தக் காட்டில் நிறைய உண்டு.

டிசம்பரில் வும்பா மலைக்குப் போகத் திட்டம். அங்கே பசுமைமாறாக் காட்டில் கேப் பேடிஸ் என்ற இன்னொரு இனம் இருக்கிறது. அதிலும் பெண்ணுக்குத் தொண்டையில் பொட்டு உண்டு என்பதால், பொட்டை மட்டும் பார்த்து எழுதினால் மறுபடியும் நோட்டில் அடித்தல் திருத்தல்தான். இந்தத் தடவை முதலில் பார்க்கப்போவது விலாவில் துருநிறம் இருக்கிறதா, கண் மஞ்சளா செம்மையா என்பதை.