125 சதவீதப் பாட்டு

ஒரு பாட்டின் பணத்தில் யாருக்கு எவ்வளவு என்ற பங்குத் தகராறில் கருத்துச் சொல்லாதே. பாடல்களுக்கான ராயல்டியை வசூலித்துப் பகிரும் எங்கள் சங்கத்தின் பதிவுப் பிரிவில் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். இரு தரப்பும் நம் உறுப்பினர்கள், நாம் நீதிமன்றம் இல்லை, அவர்கள் ஒத்துக்கொண்டதைப் பதிவதோடு நம் வேலை முடிந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு நானும் அதையே சொல்லித் தருகிறேன். ஒருவரிடம் மட்டும் அதை மீறிப் பேசினேன். அது சரியா தப்பா என்று இன்னமும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

அவர் பாடலாசிரியர், என்னைவிட ரொம்ப மூத்தவர். பாட்டில் இரண்டே பேர். பல இடங்களிலும் வழக்கம் உள்ளபடி இசைக்கு 50, வரிகளுக்கு 50 என்று பதிந்திருந்தார். இசையமைப்பாளர் தரப்பின் பதிவில் அவர்களுக்கு 75 என்று இருந்தது. காரணம், பல்லவியின் முதல் இரண்டு சொற்கள். மெட்டுப் போடும்போது தத்தகாரத்துக்கு நடுவே தன் வாயில் வந்தவை அவை, பாடலாசிரியர் அப்படியே வைத்துக்கொண்டு மேலே எழுதினார், அதனால் வரிகளிலும் பாதி என்னுடையது என்பது இசையமைப்பாளரின் வாதம். டெமோவைக் கேட்டேன். தன்னன்னா தானன்னா என்று போய்க்கொண்டிருக்கும்போது அந்த இரண்டு சொற்களும் தெளிவாகவே விழுகின்றன. அவர் சொன்னது பொய் இல்லை. ஆனால் அந்தச் சொற்களுக்கு ஒரு அர்த்தத்தைக் கொடுத்த அடுத்த வரியும், இரண்டு சரணங்களும் யார் எழுதியவை என்பதிலும் யாருக்கும் சந்தேகம் இல்லை. அடுத்த வரி இல்லாமல் அந்தப் பல்லவி ஒருவர் மனதிலும் நின்றிருக்காது என்றே நினைக்கிறேன்.

75-ம் 50-ம் சேர்ந்து 125. மொத்தம் 100-ஐத் தாண்டினால் பணம் நின்றுவிடும். சில சங்கங்களில் தகராறில் உள்ள பங்கை மட்டும் நிறுத்துவார்கள், எங்களிடம் பாட்டு முழுவதுமே நின்றது. பாட்டுக்கான ஐ.எஸ்.டபிள்யூ.சி. என்ற அடையாள எண் வந்தாயிற்று, ஒலிப்பதிவின் அடையாள எண்ணான ஐ.எஸ்.ஆர்.சி.யோடு இணைத்தாயிற்று, மாதாமாதம் எல்லாத் தளங்களிலிருந்தும் கணக்கு வந்துகொண்டே இருக்கிறது, வாங்க வேண்டிய இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள், ஆனால் ஒரு காசு நகரவில்லை.

அப்போதுதான் பாடலாசிரியர் போன் செய்தார். யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதி இருவரும் கையெழுத்திட்ட ஸ்பிளிட் ஷீட் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. பாட்டு முடிந்த இரவே அதைப் போட்டிருக்க வேண்டும், ஆனால் அந்த சந்தோஷத்தில் யார் காகிதத்தை நீட்டுவார்கள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இருபத்தஞ்சுக்கு ஒத்துக்கிட்டா உடனே விட்டுடுவேங்கறாங்க. நீங்க என் இடத்துல இருந்தா என்ன செய்வீங்க?"

"கையெழுத்துப் போட்டிருப்பேன் சார்" என்றேன்.

என் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. நின்றுபோன பணம் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014-ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, உரியவரைக் கண்டுபிடிக்க எல்லா முயற்சியும் எடுத்தும் பணத்தைக் கொடுக்க முடியவில்லையென்றால், வசூலான நிதியாண்டு முடிந்து 3 ஆண்டுகளில் அது பகிர்ந்தளிக்க முடியாத பணம் ஆகிவிடும். அப்படிப்பட்ட பணம் பெரும்பாலும் ஏற்கனவே சம்பாதிக்கிறவர்களுக்கே அவரவர் விகிதத்தில் போய்ச் சேர்கிறது. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவில் 20 ஸ்ட்ரீமிங் சேவைகள், யாருக்குப் போக வேண்டும் என்று பொருந்தாமல் கிடந்த சுமார் 42 கோடி டாலரை ஸ்ட்ரீமிங் ராயல்டியை வசூலித்துப் பகிரும் எம்.எல்.சி. என்ற அமைப்பிடம் ஒப்படைத்தன. இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருக்கிறவன், கையில் வருவதை வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வான். வழக்குப் போட்டால் எத்தனை வருஷம், வக்கீலுக்கு எவ்வளவு, அதுவும் இருக்கிறது.

ஆனால் அவர் வழக்கைப் பற்றியோ காலக்கெடுவைப் பற்றியோ கேட்கவில்லை. பணம் அவசரம் என்றும் சொல்லவில்லை, அதை நானாகத்தான் நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், "போடாதீங்க சார், அது உங்க வரி" என்று யாராவது சொல்ல வேண்டும் என்றுதான் கூப்பிட்டாரோ என்று தோன்றுகிறது. அப்படியும் உறுதியாகச் சொல்ல முடியாது. போட்டுவிடலாம் என்று முடிவு செய்த பிறகு துணைக்கு ஒரு குரல் தேடியிருக்கலாம்.

மறுவாரம் கையெழுத்து வந்தது. அடுத்த பகிர்வில் பணம் போனது. அப்புறம்தான் பாட்டு பிரபலமானது, விளம்பரத்துக்குக் கேட்டார்கள், குறும்படத்துக்குக் கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் பெயருக்கு எதிரில் 25 என்று நானே பார்த்துச் சரிபார்த்து அனுப்புகிறேன். காப்புரிமை எழுதியவரின் ஆயுளோடு முடிவதும் இல்லை. பெர்ன் என்ற சர்வதேசக் காப்புரிமை ஒப்பந்தப்படி குறைந்தது இறப்புக்குப் பின் 50 ஆண்டு, அதுவும் கூட்டாகச் செய்ததென்றால் கடைசியாக இறந்தவரிலிருந்து கணக்கு. அந்த 3 ஆண்டுப் பணத்தை மீட்க, அவர் பேரப்பிள்ளைகள் காலம் வரைக்குமான பாதியை விட்டுக்கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அவரோ பேசும்போதெல்லாம், நல்ல வழி சொன்னீங்க என்று நன்றிதான் சொல்கிறார். அது எனக்கு ஆறுதலாக இல்லை. அவருக்கே குறை இல்லாதபோது நான் ஏன் கிடந்து உழல்கிறேன் என்றும் இருக்கிறது.

போன மாதம் ஒரு புதுப் பாட்டுக்கு ஸ்பிளிட் ஷீட் அனுப்பினார், இந்த முறை முன்கூட்டியே. பெயர்கள், அவரவருக்கான ஐ.பி.ஐ. அடையாள எண்கள், தேதி எல்லாம் எழுதியிருந்தார். சதவீதம் மட்டும் காலி. "எது சரியோ நீங்களே போட்டுடுங்க தம்பி" என்று கூடவே ஒரு செய்தி. இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி, எண் போட்டு, கையெழுத்திட்டால்தான் பதிய முடியும் என்று திருப்பி அனுப்பினேன். 50-க்குக் கீழே இறங்காதீர்கள் என்று ஒரு வரி சேர்த்தேன், எடுத்தேன், பிறகு மறுபடி சேர்த்துத்தான் அனுப்பினேன்.