மோதியவன் மீதே வழக்கு: நின்றிருந்த லாரியும் என் தம்பியின் இழப்பீட்டு மனுவும்

என் தம்பி மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லிகையும் பிச்சியும் வாங்கி வந்து, திருமங்கலத்திலுள்ள சில்லறைக் கடைகளுக்குப் போட்டுப் பிழைத்துவந்தவன். 2022 நவம்பரில் ஒரு நாள், விடிவதற்கு வெகுநேரம் முன்பு சந்தைக்குப் புறப்பட்டவன், கப்பலூருக்குச் சற்று முன்னால் நான்கு வழிச் சாலையில் டயர் பஞ்சராகி நின்றுகொண்டிருந்த லாரியின் பின்பக்கத்தில் மோதினான். தலைக்கவசம் அணிந்திருந்ததால் உயிர் தப்பியது. இடது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போய், ஆறாம் நாள் அதை எடுக்க வேண்டியதாயிற்று. அப்போது அவனுக்கு வயது 34. மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் இருக்கிறார்கள்.

முதல் இரண்டு நாள் சிகிச்சைக்கு 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் கைகொடுத்தது. விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கான சிகிச்சையை, காயமடைந்தவர் எந்த ஊர்க்காரர் என்று பாராமல் அரசே ஏற்றுக்கொள்ளும் இத்திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. அந்த நேரத்தில் எங்களிடம் யாரும் பணம் கேட்கவில்லை என்பதை நன்றியோடு பதிவு செய்கிறேன்.

எங்களுக்குச் சோதனை காகிதத்தில்தான் தொடங்கியது. தம்பியை முதலில் கொண்டுபோன மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில், 'நின்றிருந்த லாரியின் மீது தானாக மோதியதாகச் சொல்லப்படுகிறது' என்று எழுதப்பட்டிருந்தது. அப்படிச் சொன்னவர் யார் என்று பிறகு விசாரித்தால், ஆம்புலன்ஸில் ஏற்றிவிட உதவிய யாரோ ஒருவர். விபத்தை அவர் பார்க்கவே இல்லை. அதற்குள் லாரி ஓட்டுநர் காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். மூன்றாம் நாள் எங்கள் கைக்கு வந்த முதல் தகவல் அறிக்கையில், 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து' என்ற வழக்கமான வாசகத்துடன், இந்திய தண்டனைச் சட்டம் 279, 337 பிரிவுகளின் கீழ் குற்றம் சாட்டப்பட்டவனாக இருந்தது, தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவில்லாமல் கிடந்த என் தம்பிதான். காயம்பட்டவரின் வீட்டார் மருத்துவமனை வாசலில் நிற்கும் அந்த மூன்று நாட்களுக்குள் வழக்கின் பாதி எழுதி முடிந்துவிடுகிறது என்பதை நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

எங்களைக் காப்பாற்றியது ஒரு புகைப்படம். விபத்து நடந்த இடத்துக்கு எதிர்ச்சாரியில் தேநீர்க் கடை வைத்திருந்த பெரியவர், சத்தம் கேட்டு ஓடிவந்து, 108-ஐ அழைத்துவிட்டுக் கைப்பேசியில் நான்கு படங்கள் எடுத்திருந்தார். லாரி இடது ஓரத்தில் மண் தரைக்கு முழுவதும் இறங்காமல் பாதி உடலைத் தார்ச்சாலையில் வைத்து நிற்பதும், பின்விளக்குகள் எரியாமல் இருப்பதும், முக்கோண எச்சரிக்கைப் பலகை எங்கும் இல்லாததும் அவற்றில் தெளிவாகத் தெரிந்தன. நம் பக்கத்து லாரி ஓட்டுநர்கள் வண்டி நின்றுவிட்டால் பின்னால் நான்கு கல்லையும் ஒரு வேப்பங்கிளையையும் போட்டு வைப்பது வழக்கம் அல்லவா, அதுகூட அந்தப் படங்களில் இல்லை. ஆனால் விடிந்த பிறகு காவல் துறையினர் இடத்தைப் பார்த்து எழுதித் தயாரித்த பார்வை மகஜரிலோ கற்களும் கிளைகளும் இருந்ததாக எழுதப்பட்டிருந்தது. அதாவது, அவை விபத்துக்குப் பிறகு கொண்டுவந்து போடப்பட்டவை.

அந்தப் படங்களையும் பெரியவரின் வாக்குமூலத்தையும் இணைத்து, மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் தம்பி மனைவியின் பெயரில் மனுக் கொடுத்தோம். மனு கொடுத்ததற்கான ரசீதைப் பத்திரப்படுத்தினோம். பதினைந்து நாளுக்கு ஒரு முறை நான் பள்ளிக்கு அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு நேரில் போய் நினைவூட்டினேன். மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையும் வந்தது. பின்பக்க இடது விளக்கு வேலை செய்யவில்லை என்றும், ஒளிர்பட்டைகள் மண் படிந்து மறைந்திருந்தன என்றும் அவர் குறித்திருந்தார். விசாரணை அதிகாரி மாறிய பிறகு, லாரி ஓட்டுநர் மீது, பொதுவழியில் இடையூறு, கொடுங்காயம் ஆகியவற்றுக்கான 283, 338 பிரிவுகளின் கீழ் குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. அதற்கு நாலரை மாதம் ஆனது.

இதற்கிடையில் பலர் எங்களைத் தேடி வந்தார்கள். வழக்கறிஞரை அமர்த்தும் வக்காலத்துப் படிவத்தை நிரப்பாமலே கையெழுத்துக் கேட்டு, வருவதில் மூன்றில் ஒரு பங்கு என்று பேசிய தரகர்களை வாசலோடு அனுப்பிவிட்டோம். காப்பீட்டு நிறுவனத்தின் சார்பில் வந்தவர் சொன்னதுதான் எங்களைத் தடுமாற வைத்தது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள 164-ஆம் பிரிவின்படி, யார் மீது தவறு என்று நிரூபிக்காமலேயே கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் இறப்புக்கு ஐந்து லட்சமும் பெறலாம்; வழக்கே வேண்டாம், இரண்டரை லட்சத்தை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். அவர் சொன்ன சட்டம் உண்மைதான். ஆனால் அந்த முறையில் தொகையை ஏற்றுக்கொண்டால் 166-ஆம் பிரிவின் கீழான முழு இழப்பீட்டு மனு காலாவதியாகிவிடும் என்பதை அவர் சொல்லவில்லை. எங்கள் வழக்கறிஞர்தான் சொன்னார். மருத்துவமனைக் கடன் கழுத்தை நெரித்த நேரத்தில் இரண்டரை லட்சத்தை வேண்டாம் என்று சொல்வது எளிதாக இல்லை. என் நகைகளை அடகு வைத்துத்தான் அந்த மாதங்களைக் கடந்தோம்.

மனுவை விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பது 2019 திருத்தத்தில் வந்த கெடு. குற்றப்பத்திரிகைக்காகக் காத்திருந்து நாளைத் தவறவிட வேண்டாம் என்று வழக்கறிஞர் வற்புறுத்தியதால், 2023 ஏப்ரலிலேயே மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுவைத் தாக்கல் செய்தோம். விபத்து நடந்த ஊரில் மட்டுமல்லாமல், மனுதாரர் வசிக்கும் ஊரிலும் எதிர்மனுதாரரின் ஊரிலும் தாக்கல் செய்ய வழி உண்டு. லாரிக்காரர் வேறு மாவட்டத்துக்காரர் என்பதால் அங்கே அலைய நேருமோ என்று நாங்கள் பட்ட கவலை வீண்.

யாரை எதிர்மனுதாரராகச் சேர்ப்பது என்பதிலும் ஒரு முடிச்சு இருந்தது. பதிவுச் சான்றிதழில் பெயர் இருந்தவர், லாரியை விற்று இரண்டு வருடம் ஆயிற்று, பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன், எனக்கு இதில் சம்பந்தம் இல்லை என்று எதிருரை தாக்கல் செய்தார். வாங்கியவரோ பெயர் மாற்றிக்கொள்ளவே இல்லை. பதிவேட்டில் யார் பெயர் நிற்கிறதோ அவரே சட்டத்தின் பார்வையில் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவுபடுத்தியிருப்பதால், பதிவு உரிமையாளரையும் விட முடியாது. ஆனாலும் பாதுகாப்புக்காக வாங்கியவரையும் சேர்த்தோம். வண்டி கைமாறினால் காப்பீடும் அதனோடு மாறியதாகவே கருதப்படும் என்று 157-ஆம் பிரிவு சொல்வதால், பாலிசி வேறு பெயரில் இருக்கிறது என்ற காப்பீட்டு நிறுவனத்தின் வாதமும் எடுபடவில்லை. லாரி வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், வண்டியை விற்ற அன்றே பெயர் மாற்றத்தையும் முடித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

விசாரணையில் காப்பீட்டுத் தரப்பு முதல் தகவல் அறிக்கையையே திரும்பத் திரும்பக் காட்டியது. முகப்பு விளக்கு வெளிச்சத்தில் அவ்வளவு பெரிய லாரி தெரியவில்லையா என்று தம்பியைக் குறுக்கு விசாரணையில் கேட்டபோது, எதிரே வந்த பேருந்தின் விளக்கு கண்ணைக் கூசச் செய்தது, லாரி இருக்கும் என்று நினைக்கவே வழியில்லை என்று அவன் தடுமாறாமல் சொன்னான். தேநீர்க் கடைப் பெரியவர் இரண்டாம் சாட்சியாக வந்து, ஒரு நாள் வியாபாரத்தை விட்டுவிட்டு, மதியம் வரை காத்திருந்து சாட்சியம் அளித்தார். படங்களைச் சான்றாவணமாகக் குறியீடு செய்ய, மின்னணுப் பதிவுகளுக்குச் சாட்சியச் சட்டம் கேட்ட 65பி சான்றும் அவரே கையெழுத்திட்டுக் கொடுத்தார். கைப்பேசியை மாற்றாமல் ஒன்றரை வருடம் அந்தப் படங்களை அவர் அழிக்காமல் வைத்திருந்ததற்கு எங்கள் குடும்பம் என்றைக்கும் கடன்பட்டிருக்கிறது.

இவ்வகை வழக்கில் குற்ற வழக்கைப் போல ஐயத்துக்கு இடமில்லாத நிரூபணம் தேவையில்லை. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதைப் பார்த்தாலே போதும். ஆபத்தான நிலையில் வண்டியைச் சாலையில் விட்டுச் செல்வதை 122-ஆம் பிரிவு தடுக்கிறது. எச்சரிக்கை ஏதுமின்றி நெடுஞ்சாலையில் விடப்பட்ட லாரியின் மீது கார் மோதிய வழக்கில், மோதியவர் மீது பாதிப் பழியைச் சுமத்திய தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் மாற்றி, லாரித் தரப்பையே முழுப் பொறுப்பாக்கியிருந்தது. எங்கள் வழக்கறிஞர் இறுதி வாதத்தில் அதைத்தான் முன்வைத்தார்.

தொகைக் கணக்கில் நான் கற்றுக்கொண்டது, உடல் ஊனத்தின் சதவீதமும் பிழைப்பின் இழப்பும் ஒன்றல்ல என்பது. மருத்துவக் குழு ஊனத்தை 50 சதவீதம் என்று சான்றளித்தது. ஆனால் அதிகாலையில் வண்டி ஓட்டி, மூட்டை தூக்கி, கடை கடையாக ஏறி இறங்கும் ஒருவனுக்கு அந்தத் தொழிலே போய்விட்டது. 2010-இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதைத்தான். தம்பிக்கு வருமான வரிக் கணக்கு கிடையாது. கமிஷன் கடைச் சீட்டுகள் இரண்டு வருடத்துக்கானவை ஒரு டால்டா டப்பாவில் கிடந்தன. அவற்றைத் தேதி வாரியாக ஒட்டி நானே ஒரு நோட்டுப் புத்தகம் தயாரித்தேன்.

2025 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. மாத வருமானம் 15,000 என்றும், சுயதொழில் செய்யும் 40 வயதுக்குட்பட்டவருக்கு எதிர்கால வளர்ச்சிக்காக 40 சதவீதம் சேர்த்து 21,000 என்றும், ஆண்டு வருமானத்தை எத்தனை மடங்காகக் கணக்கிடுவது என்பதற்கு வயதை வைத்துக் கொள்ளும் பெருக்கு எண், 31 முதல் 35 வயது வரையுள்ளவர்களுக்கு 16 என்றும், தொழில் இழப்பு 60 சதவீதம் என்றும் கொண்டு, அந்தத் தலைப்பில் மட்டும் 24,19,200 ரூபாய் கணக்கிட்டார்கள். மருத்துவச் செலவு, செயற்கைக் கால், வலியும் வேதனையும், உடனிருந்து பார்த்துக்கொண்டவருக்கான செலவு எல்லாம் சேர்ந்து மொத்தம் 31,50,000. அதில் தம்பியின் பங்குக் கவனக்குறைவாக 10 சதவீதத்தைக் கழித்து, 28,35,000 ரூபாயும், மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்து ஏழரை சதவீத வட்டியும் காப்பீட்டு நிறுவனம் செலுத்த வேண்டும் என்று உத்தரவாயிற்று. சமரசத்துக்கான மக்கள் நீதிமன்றத்தில் காப்பீட்டு நிறுவனம் எங்களுக்குச் சொன்ன தொகை எட்டு லட்சம்.

அந்தப் பத்து சதவீதம் எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை. ஒத்தக்கடைக்கு அருகிலுள்ள உயர் நீதிமன்றக் கிளையில் மேல்முறையீடு செய்ய 90 நாள் அவகாசம் இருந்தது. வழக்குக் காகிதக் கட்டைப் பிரித்து வைத்து உட்கார்ந்து மனுவைத் தயார்செய்யச் சொல்லிவிட்டும் வந்தேன். தம்பி என்னை உட்காரவைத்து, "அக்கா, போதும்க்கா. மறுபடியும் அந்த ராத்திரியப் பத்தி என்னால பேச முடியாது" என்றான். மேல்முறையீடு செய்யவில்லை. நிறுவனமும் செய்யவில்லை. ஜூலையில் தொகையைத் தீர்ப்பாயத்தில் செலுத்தினார்கள். ஒரு பகுதி குழந்தைகளின் படிப்புக்காக வைப்புத்தொகையாக இருக்கிறது. மீதியில் கடனை அடைத்து, என் நகையை மீட்டு, பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் ஒன்று வாங்கினோம். திருமங்கலத்தில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் தம்பி இப்போது பூக்கடை வைத்திருக்கிறான். சந்தையிலிருந்து பூ ஆட்டோவில் வருகிறது. தேநீர்க் கடைப் பெரியவரின் வீட்டு விசேஷங்களுக்கு மாலை அங்கிருந்துதான் போகிறது.